ஆளைக் காட்டும், கூட்டைக் காட்டாது!

கே: ஆள்காட்டி கரைப்பறவை இனமாமே? நான் பார்த்ததெல்லாம் கரட்டுக்காட்டில்தான். கடற்கரைக்கு வழி தெரியாதா? (கல்லூரி மாணவி, தர்மபுரி)

ப: உப்புக்கொத்திக்கு நெருங்கிய சொந்தம் என்பதால் கரைப்பறவை. சொந்தக்காரர் கடலோரம் இருந்தால் நாமும் அங்கேயே இருக்க வேண்டுமா என்ன? கண்மாய்க்கரை, உழுத வயல், தரிசு நிலம் போதும் இதற்கு.

கே: அடையாளம் சொல்லுங்கள். (பள்ளி ஆசிரியர், மானாமதுரை)

ப: தலை, கழுத்து, மார்பு கறுப்பு. கண்ணுக்குப் பின்னாலிருந்து வயிறு வரை வெள்ளை. முதுகு வெண்கலப் பழுப்பு. சிவப்பு அலகின் நுனி மட்டும் கறுப்பு. கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தசைமடல், நீண்ட மஞ்சள் கால். நீளம் சுமார் 33 செ.மீ. மடல் மஞ்சளாகவும் தலையில் கறுப்புத் தொப்பியும் இருந்தால் அது பங்காளியான மஞ்சள்மூக்கு ஆள்காட்டி. வறண்ட நிலம் அதன் பங்கு.

கே: தரையில் முட்டையிடுகிறதே, கூடு கட்டச் சோம்பலா? (இல்லத்தரசி, கரூர்)

ப: கட்டினால்தானே கண்ணில் படும்! சின்னக் குழி, சுற்றிலும் கூழாங்கல், ஆட்டுப்புழுக்கை. அவ்வளவுதான் வீடு. பெரும்பாலும் மார்ச் முதல் ஆகஸ்டுக்குள் நான்கு முட்டை. மண்நிறத்தில் கரும்புள்ளி என்பதால், பக்கத்தில் நின்றே தேடுவீர்கள்.

கே: மே மாத வெயிலில் முட்டை வெந்துவிடாதா? (வாசகர், வேலூர்)

ப: வேலூர்க்காரர் கவலை நியாயமானதுதான்! ஆணும் பெண்ணும் முறைவைத்து உட்கார்ந்து நிழல் தரும். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். ஏறக்குறைய நான்கு வாரத்தில் குஞ்சு பொரியும். பொரிந்த குஞ்சு உலர்ந்ததும் நடந்து, தானே இரை பொறுக்கும். பெற்றோர் குரல் கொடுத்தால் தரையோடு தரையாகப் படுத்துவிடும்.

கே: ஆளைக் கண்டதும் இப்படிக் கத்தினால் கூடு இருப்பது எதிரிக்குத் தெரிந்துவிடாதா? (வங்கி ஊழியர், திருச்சி)

ப: தெரியும், தப்பான இடத்தில்! அடையிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து, தள்ளிப்போன பிறகே கூச்சல். நாயோ ஆளோ சத்தத்தின் பின்னால் போனால், கூட்டைவிட்டு விலகிப் போவார்கள். அப்படியும் நெருங்கினால், தலைக்கு மேல் பாய்ந்து விரட்டும்.

கே: இரவிலும் குரல் கேட்கிறதே, சாப்பாடு தூக்கம் கிடையாதா? (இரவுக்காவலர், ஓசூர்)

ப: உங்களைப் போலத்தான், விழித்திருக்கிறது! நிலா வெளிச்சத்திலும் இரை தேடும். வண்டு, எறும்பு, கறையான், நத்தை, கொஞ்சம் தானியம். நாலடி ஓட்டம், ஒரு நிறுத்தம், குனிந்து ஒரு கொத்து. ஈரமண்ணில் காலை நடுக்கித் தட்டிப் பூச்சிகளைக் கிளப்பவும் தெரியும்.

கே: வானம் விழுந்தால் தாங்க, காலைத் தூக்கிக்கொண்டு தூங்குமாமே? (தாத்தா சொல்லக் கேட்ட பேரன், தேனி)

ப: அந்தக் காலால் மரக்கிளையையே பற்ற முடியாது, பின்விரல் பெயருக்குத்தான் இருக்கிறது. வானத்தை எங்கே தாங்குவது? ஆனால், பஞ்சதந்திரக் கதையில் கடலோடு மோதி முட்டையை மீட்டது இந்த இனம்தான். தாத்தாவிடம் அந்தக் கதையைக் கேளுங்கள்.

கே: உழவு நேரத்தில் முட்டை கண்டேன். எடுத்து வைக்கலாமா? (விவசாயி, கோவில்பட்டி)

ப: வேண்டாம். முட்டையை எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சுற்றிக் குச்சி நட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டு உழுங்கள். வாடகையைப் பூச்சி தின்றே கழித்துவிடும். முன்பணம் மட்டும் கேட்காதீர்கள்!