மலையைத் தாண்டினால் யார் வீடு?

எங்கள் வீட்டில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' போட்டால் என்னை ஹாலில் சேர்ப்பதில்லை. உட்கார்ந்தே தீருவேன் என்றால் இரண்டு நிபந்தனை: வாயைத் திறக்கக் கூடாது, ரிமோட்டைத் தொடக் கூடாது. 1965-இல் வந்து, சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கிய படத்தில் குற்றம் கண்டுபிடிக்க நீங்கள் யார் என்பது என் மனைவியின் கேள்வி. நான் யாருமில்லை. என்னிடம் ஒரு அட்லஸ் இருக்கிறது, அவ்வளவுதான்.

படத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும். நாஜிகளிடமிருந்து தப்பி, பாட்டுக் குடும்பத்தின் தலைவர் கேப்டன் வான் டிராப் கடைக்குட்டியை முதுகில் சுமந்துகொண்டு ஆல்ப்ஸ் மலை ஏறுகிறார். மனைவி மரியாவும் மற்ற ஆறு பிள்ளைகளும் கூடவே ஏறுகிறார்கள். அந்தப் பக்கம் இறங்கினால் சுவிட்சர்லாந்து, சுதந்திரம். கோரஸ் உச்சத்துக்குப் போகிறது. ஹாலில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கிறது. நான் அட்லஸை எடுப்பது இந்த இடத்தில்தான்.

அவர்கள் கிளம்பிய ஊர் சால்ஸ்பர்க். அங்கிருந்து சுவிட்சர்லாந்து எல்லை, காக்கை பறக்கிற கணக்கில் பார்த்தாலும், இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். ஊரை ஒட்டி நிற்கிற உன்டர்ஸ்பெர்க் மலையைத் தாண்டினால் வருவது ஜெர்மனி. அதுவும் சாதாரண ஜெர்மனி இல்லை, பெர்க்டெஸ்காடன் பக்கம். அங்கே ஓபர்சால்ஸ்பெர்க் மலைச்சரிவில்தான் ஹிட்லரின் ஓய்வு இல்லம் இருந்தது. ஏழு பிள்ளைகளோடு மூச்சிரைக்க இறங்கி, விளக்கெரிகிற முதல் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கச்சேரிக்குச் சொல்லிவிட்டது நாம்தானோ என்று வீட்டுக்காரரே குழம்பியிருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசிக் காட்சியை எடுத்ததே ஓபர்சால்ஸ்பெர்கில்தான். சுவிட்சர்லாந்தை நோக்கி நடக்கிறார்கள் என்று நாம் கண்ணீர் விடும்போது அவர்கள் நிஜமாகவே அந்த ஆளின் பேட்டையில்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் மரியாவாக வரும் ஜூலி ஆண்ட்ரூஸ் கைகளை விரித்துச் சுற்றுகிற புல்வெளியும் எல்லைக்கு அந்தப் பக்கம், பவேரியாவில் இருக்கிறது. மணியோசை கேட்டதும் மடத்துக்கு ஓடுகிறாரே, அது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஓடுகிற ஓட்டம். பாஸ்போர்ட் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டால் மட்டும் கோபம் வருகிறது.

படத்துக்கு மூலமான நிஜக் குடும்பம் மலையே ஏறவில்லை. 1938-இல் ரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். கேப்டன் பிறந்த ஜாரா நகரம் முதல் உலகப்போருக்குப் பின் இத்தாலி வசம் போனதால் அவருக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது. மரியாவுக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது 1927-இல். படம் காட்டுவதுபோலத் தேனிலவு முடிந்த கையோடு ஓட்டம் இல்லை. நடுவில் பதினோரு வருடக் குடித்தனம். மரியாவுக்கே இரண்டு பெண்கள் பிறந்து, மூன்றாவது வயிற்றில். அந்த நிலைமையில் மலையேறச் சொன்னால் எந்த மனைவி சும்மா இருப்பாள்?

ஆரஞ்சுப் பெட்டியைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பிள்ளைகளை மரியா சந்தைக்குக் கூட்டிப் போகிறார். சின்னவள் கையிலிருந்து தக்காளி நழுவுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். கடைப் பக்கம் பாருங்கள்: ஜாஃபா ஆரஞ்சுப் பெட்டி, அதன்மேல் 'இஸ்ரேல்' என்று அச்சடித்திருக்கிறது. கதை நடப்பது 1938-இல். இஸ்ரேல் என்ற நாடு உருவானது 1948-இல். பத்து வருடம் முன்கூட்டியே சரக்கு அனுப்பிய அந்த வியாபாரியை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. இத்தனைக்கும் இயக்குநர் ராபர்ட் வைஸ் 'சிட்டிசன் கேன்' படத்தின் எடிட்டர்.

மூத்த மகன் பிரெட்ரிக்காக நடித்த பையன் விஷயத்தில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். படப்பிடிப்பு நடந்த மாதங்களில் அவன் ஆறு அங்குலம் வளர்ந்துவிட்டான். அக்காவைவிடக் குட்டையாகத் தெரிய வேண்டியவன் தலைக்கு மேலே போனால் பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்? காட்சிக்குக் காட்சி உயரம் மாறுகிறது. வளர்கிற பிள்ளையை நிறுத்தச் சொல்ல முடியுமா?

கடலே இல்லாத ஆஸ்திரியாவில் கடற்படைக் கேப்டனா என்று என்னை மடக்கப் பார்த்தான் மைத்துனன். அதில் தப்பே இல்லை. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு ஏட்ரியாட்டிக் கடலோரம் இருந்தது. இவர் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி. போர் முடிந்தது, கடல் போயிற்று, கேப்டன் மிச்சம்.

எனக்கு உண்மையாகவே உறுத்துவது வேறு. படத்தில் அவர் விசிலடித்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைக்கிற கல்நெஞ்சுக்காரர். நிஜத்தில் அவர் பிரியமான அப்பா. சட்டென்று கோபம் வருவது மரியாவுக்குத்தான். அப்பாவை இப்படிக் காட்டிவிட்டார்களே என்று பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள். ஆரஞ்சை மன்னிக்கலாம், இதை எப்படி மன்னிப்பது? ஒரு பாட்டின் நடுவே நிஜ மரியாவே கண்ணிமைக்கும் நேரம் வளைவு ஒன்றைக் கடந்துபோகிறார். தன் கதையில் இத்தனை மாற்றம் செய்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்.

படம் ஜெர்மனிக்குப் போனபோது மியூனிக்கில் விநியோகக் கிளை மேலாளர் ஒருவர் கல்யாணத்தோடு படத்தை வெட்டிவிட்டார். நாஜிகள் வருகிற பகுதி முழுவதும் காலி. இயக்குநர் தலையிட்டு வெட்டியதை ஒட்டவைத்தார். மேலாளருக்கு வேலை போயிற்று. செய்தது அநியாயம்தான். ஆனால் மலையும் இல்லை, சுவிட்சர்லாந்தும் இல்லை. உலகத்திலேயே பூகோளப் பிழை இல்லாமல் முடிந்த பிரதி அது ஒன்றுதான் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அவர் வெட்டியிருக்க வேண்டியது படத்தை இல்லீங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பக்கத்துல உக்காந்து பேசுறவங்க பேச்சை."