தப்பான பக்கத்து ஸ்டியரிங்

பிரிட்டனில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. அதனால் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை. இருந்தும் அந்த நாட்டில் ஒரு சாரார், நல்ல வேலையில் இருப்பவர்கள், குடும்பஸ்தர்கள், ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் காராகத் தேடித் தேடி வாங்குகிறார்கள். சட்டம் குறுக்கே நிற்பதில்லை. இப்படிப்பட்ட காரைப் பதிவு செய்யலாம், ஓட்டலாம், விற்கலாம். குறுக்கே நிற்கக்கூடியவர் வீட்டில் ஒருவர்தான். அவர் காதுக்கு விஷயம் போய்ச் சேரும்போது அட்வான்ஸ் கைமாறியிருக்கும்.

வாங்குவோரில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினருக்கு வேறு வழியில்லை. அவர்கள் ஆசைப்பட்ட கார் வலப்பக்க ஸ்டியரிங்கோடு தயாரிக்கப்படவே இல்லை. பி.எம்.டபிள்யூ.வின் முதல் எம்3, கதவுகள் கீழே இறங்கி உடலுக்குள் மறைந்துகொள்ளும் இசட்1, லான்சியா டெல்டா இன்டெக்ராலே, போர்ஷே 959 எல்லாம் இந்த இனம். 1953-இல் பிறந்த கார்வெட், தன் எட்டாம் தலைமுறையில்தான் வலப்பக்கக்காரர்களை நினைத்துப் பார்த்தது. மக்லாரன் எஃப்1 ஓட்டுநரை நட்டநடுவில் உட்கார வைத்து வழக்கையே தீர்த்துவிட்டது. ஆனால் அது மொத்தம் 106 கார்கள்தான், விலை கோடிகளில். அதனால் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே போகிறது.

இரண்டாம் வகையினர்தான் ஆராய்ச்சிக்குரியவர்கள். அவர்கள் தேடும் கார் வலப்பக்க ஸ்டியரிங்கிலும் கிடைக்கும். ஆனால் பிரிட்டனில் இடப்பக்கக் கார்களை வாங்க ஆள் குறைவு என்பதால் பெரும்பாலும் விலையும் குறைவு. அதே போர்ஷே 911, அதே வருடம், அதே நிறம், சில ஆயிரம் பவுண்டு மலிவு. அந்த வித்தியாசத்தைக் கண்ட நிமிடத்திலேயே முடிவு எடுத்தாயிற்று. காரணங்கள் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேரும்.

முதலில் வருவது பொறியியல் காரணம். கார் பிறந்தது இடப்பக்க ஸ்டியரிங்கோடு, வலப்பக்கத்துக்கு மாற்றியது பிற்சேர்க்கை, பெடல்கள் கோணிக்கொள்ளும் என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொண்டுபோகும் சில நிறுவனங்கள் பிரேக் பொறியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பெடலிலிருந்து குறுக்கே ஒரு கம்பி போட்டு இணைப்பதுண்டு. சிட்ரோயன் சி3 பிக்காசோவில் அந்தக் கம்பி பயணியின் காலுக்கு எட்டும் இடத்தில் அமைந்துபோனதால், பக்கத்தில் இருப்பவர் ஓங்கி மிதித்தால் நிஜமாகவே பிரேக் பிடித்தது. பிரிட்டனில் அந்தக் கார்களைத் திருப்பி அழைத்துச் சரிசெய்தார்கள். பயந்த சுபாவமுள்ள பயணிகள் காலங்காலமாகச் செய்துவரும் ஒரு முயற்சி பலித்தது அந்த ஒரு காரில்தான்.

அடுத்து வருவது வரலாற்றுக் காரணம். சுவீடனில் 1967 செப்டம்பர் 3 வரை வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் ஓடின, ஆனால் பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்தது. ஒரு நாடே இப்படி ஓட்டியிருக்கிறதே என்பது வாதம். அந்த நாடு அதைச் சகிக்க முடியாமல், 1955-இல் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேண்டாமென்று வாக்களித்தும் கேளாமல், சாலையையே ஒரே நாளில் வலப்பக்கம் மாற்றியது என்ற பின்பாதி இந்த வாதத்தில் வருவதில்லை.

உள்நாட்டிலேயே வாங்குவதில் பெரிய வசதி, எம்.ஓ.டி. என்னும் வருடாந்தரத் தகுதிச் சோதனையின் பழைய முடிவுகளை அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்பதுதான். நம்பர் பிளேட்டைத் தட்டினால் போதும். எந்த வருடம் பாஸ், எதில் பெயில், டயர் எப்போது தேய்ந்தது, ஆயில் எத்தனை வருடமாகச் சொட்டுகிறது, எல்லாம் வரிசையாக வரும். விற்பவர் "ஒரு சொட்டு ஆயில் ஒழுகாது சார்" என்று சொல்லும்போது, வாங்குபவர் கைபேசியில் எட்டு வருட ஒழுகலைப் படித்துக்கொண்டிருப்பார். படித்துவிட்டும் வாங்குவார். ஓடோமீட்டர் கிலோமீட்டரில் இருப்பது இன்னொரு இன்பம். 1,20,000 என்று காட்டுவது ஏறத்தாழ 75,000 மைல்தான். ஒரே வகுத்தலில் காரின் வயது பாதியானது போல ஒரு நிறைவு.

ஓட்டிப் பார்க்கும் கட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் வரிசை மாறுவதில்லை, அதனால் கால்கள் தப்பித்துவிடுகின்றன. கைகள்தான் அகப்பட்டுக்கொள்கின்றன. கியர் மாற்றப் போன இடக்கை நேராகக் கதவில் போய் இடிக்கும். இரண்டாவது தடவை ஜன்னல் கண்ணாடிக் கைப்பிடியைப் பிடிக்கும். நடுக் கண்ணாடியைப் பார்க்க நினைத்த கண், பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்பி நடைபாதையில் போகும் நாயைப் பார்க்கும். ஐரோப்பாவுக்கென்று வந்த பழைய எம்3-இல் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. வழக்கமாக முதல் கியர் இருக்கும் இடத்தில் அதில் ரிவர்ஸ், அதற்கு நேர் கீழே முதல் கியர். சிக்னலில் பச்சை விழுந்ததும் வீறுகொண்டு கிளம்பியவர், பின்னால் நிற்கும் வேன்காரரை நோக்கிப் போவார். இது போதாதென்று, சாலையின் நடுக்கோட்டை ஒட்டியே உட்கார்ந்து பழகிய உடம்பு, இங்கேயும் அந்த இடத்தைத் தேடிக் காரை வலப்பக்கம் இழுக்கும். கூட உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர் எதிரே வரும் லாரிக்கு மிக அருகில் இருந்தபடி, "பத்து நிமிஷத்தில் பழகிவிடும்" என்பார். இவ்வளவு அனுபவத்துக்குப் பிறகும் அவர் குரல் நடுங்காமல் இருப்பது தொழில்திறமை.

வெளிநாட்டில் வாங்குவோர் முதலில் போவது ஜெர்மனி. அங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கடுமையான சோதனை உண்டு. பதிவு ஆவணம் இரண்டு பாகம். இரண்டாம் பாகம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் பேச வேண்டும், அது இல்லாமல் சாவியை மட்டும் நீட்டுபவரிடம் பேசவே கூடாது. விபத்தில்லாத கார் என்று விளம்பரத்தில் இருந்தால், அதை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. காரை நாட்டைவிட்டு ஓட்டிப்போகத் தனி நம்பர் பிளேட் தருகிறார்கள். அதன் ஓரத்துச் சிவப்புப் பட்டையில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து பிரெஞ்சுக் கரையின் கலே வரை ஓட்டி வருவதுதான் இந்த வியாபாரத்தின் பொற்காலம். சாலையும் ஸ்டியரிங்கும் ஒத்துப்போகின்றன. வேகக் கட்டுப்பாடில்லாத ஆட்டோபான் பகுதிகளில் வலக்கை கியரைத் தானாகத் தேடிப் பிடிக்கிறது. பிரெஞ்சு டோல்கேட்டில் சீட்டு கைக்கு எதிரே நீள்கிறது. ஓவர்டேக் செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை. கலேயில் காரோடு ரயிலேறினால் கடலுக்கடி வழியாக 35 நிமிடம், எட்டிப்பார்த்தால் பிரிட்டனின் ஃபோக்ஸ்டோன். அங்கே வெளியே வந்ததும் உலகம் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. கார் வாங்கியவர் அன்று இரவு வீட்டில் விவரிப்பது கலே வரைக்குமான கதையை மட்டும்தான்.

ஜப்பான் விநோதமான சந்தை. அங்கேயும் வண்டி ஓடுவது இடப்பக்கமே. ஆனால் ஐரோப்பியக் கார் என்றால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால்தான் அசல் என்று ஒரு மதிப்பு அங்கே நெடுநாள் இருந்தது. அதனால் இத்தாலியில் செய்த இன்டெக்ராலே ஒன்று, பொருந்தாத சாலையில் பல ஆண்டு ஓடிவிட்டு, கப்பலில் பிரிட்டன் வந்து இன்னொரு பொருந்தாத சாலையில் இறங்குவதுண்டு. பிறந்த ஊரைத் தவிர எங்குமே அது சரியான பக்கத்தில் ஓடியதில்லை. ஜப்பானிய ஏலத் தாளில் காரின் படம் வரைந்து, கீறலுக்கு ஏ, நசுங்கலுக்கு யூ என்று எழுத்தும் அளவுக்கு எண்ணும் போட்டு, ஜாதகக் கட்டம் போல நிரப்பியிருப்பார்கள். மொத்தத்துக்கு ஒரு மதிப்பெண். 4.5 என்றால் நல்ல யோகம். ஆர் என்று இருந்தால் விபத்துக்குப் பின் சீர்செய்யப்பட்டது என்று பொருள். அதையும் வாங்குவோர் உண்டு, கீழே ஜப்பானியக் கையெழுத்தில் எழுதியிருக்கும் குறிப்பைப் படிக்காமலேயே.

அமெரிக்கக் கார்களைப் பற்றி இரண்டே விஷயம். கலிஃபோர்னியாவின் வறண்ட காற்றில் இருந்தவை துருப்பிடிக்காமல் வரும், புயல் வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் பளபளவென்று துடைக்கப்பட்டு அதே நாட்டிலிருந்துதான் வரும். 1980-ஐ ஒட்டி அங்கே விற்ற கார்களில் ஸ்பீடோமீட்டர் மணிக்கு 85 மைலோடு நின்றுவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர் 85-ஐத் தொட்ட பிறகு மீதியைக் கற்பனையில்தான் ஓட்ட வேண்டும்.

எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வரி காத்திருக்கிறது. 2021 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக் கார்களும் பிரிட்டனுக்கு அயல் சரக்கே. 20,000 பவுண்டு காருக்கு 10 சதவீத சுங்கத் தீர்வை 2,000. கூட்டுத்தொகை 22,000-க்கு 20 சதவீத வாட் வரி 4,400. கப்பல் செலவைச் சேர்க்காமலே 26,400 ஆகிறது. உள்நாட்டுக் காரைவிட எத்தனை மலிவு என்று ஆரம்பத்தில் கணக்குப் போட்ட காகிதம் இந்தக் கட்டத்தில் வீட்டில் தென்படுவதில்லை. ஒன்றியத்தில் தயாரானது என்ற முறையான சான்று இருந்தால் தீர்வை விலகும். ஆனால் காரைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்து விற்கும் பெரியவரிடம் அந்தச் சான்றைக் கேட்டால் அவர் காபி வேண்டுமா என்று கேட்பார். 30 வருடத்துக்கு மேற்பட்ட, மூல நிலை மாறாத, தயாரிப்பு நின்றுபோன கார் சேகரிப்புப் பொருளாக ஏற்கப்பட்டால் தீர்வை கிடையாது, வாட் 5 சதவீதம் மட்டும். எனவே 29 வயதுக் காரைக் கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறந்தநாளுக்குக் காத்திருக்கும் அன்பர்களும் உண்டு.

கார் வந்த 14 நாளுக்குள் வரித்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். பிறகு வி55/5 என்ற படிவத்தை நிரப்பி, 55 பவுண்டு கட்டணத்தோடு ஸ்வான்சியில் உள்ள வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்கு அனுப்பினால், நம் ஆர்.சி. புத்தகத்துக்கு நிகரான வி5சி வரும். 10 வருடம் ஆகாத கார் என்றால் தனி ஒப்புதல் சோதனை வேறு. வேலைகள் சிறியவை. ஸ்பீடோமீட்டர் மைலில் காட்ட வேண்டும். ஜெர்மனிக்கென்று செய்த ஹெட்லைட் வலப்பக்கம் வீசும், பிரிட்டனில் அது எதிரே வருபவரின் முகம், எனவே மாற்ற வேண்டும். பின்பக்க மூடுபனி விளக்கு நடுவிலோ வலப்பக்கமோ இருக்க வேண்டும், வந்த காரில் அது இடப்பக்கம் இருக்கும். உள்ளூர் மெக்கானிக் இதற்கு முழுநாள் எடுத்துக்கொள்வார், பாதி நாள் காரைச் சுற்றிவந்து ரசிப்பதற்கு. இன்சூரன்ஸ்காரரிடம் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதை மறைக்கக் கூடாது. சொன்னால் சில கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றும், சில மரியாதையாக வேறிடம் பார்க்கச் சொல்லும்.

பதிவு முடிந்து நம்பர் வந்த பிறகுதான் தெரிகிறது, இந்தக் காரை ஓட்ட இரண்டு பேர் வேண்டும் என்று. இருவழிச் சாலையில் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டால் ஓட்டுநருக்குத் தெரிவது லாரியின் முதுகு மட்டுமே. முன்னால் பாதை காலியா என்று பார்க்கக்கூடியவர் வலப்பக்க சீட்டில் இருப்பவர். கார் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னவரும் அவரே. உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்:

"வருதா?"

"இல்ல."

"அப்ப போகட்டுமா?"

"இல்லன்னா, வரலேன்னு சொல்லல. தூரத்துல ஏதோ தெரியுது."

"காரா, மரமா?"

"நகருது."

இதற்குள் லாரியே திரும்பிப் போய்விடும். எல்லோரும் இந்தப் பொறுப்பை ஏற்பதில்லை. பத்திரிகையில் மூழ்கிவிடுவோர் உண்டு, வேண்டுமென்றே "போ, போ" என்பவரும் உண்டு. தனியாகப் போகிறவர் லாரிக்கு நிறைய இடம் விட்டுத் தள்ளி வந்து, வளைவுகளில் லாரியின் இடப்புறமாகக் கிடைக்கும் காட்சியை வைத்துத் தீர்மானிக்கக் கற்றுக்கொள்கிறார். பார்வைக்கு மட்டுமல்ல, சைகைக்கும் இதே சிக்கல்தான். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 120-ஆம் பிரிவு, இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை இயந்திர அல்லது மின்சார சைகைக் கருவி இல்லாமல் ஓட்டக் கூடாது என்கிறது. ஜன்னல் வழியே கைநீட்டி வலப்பக்கம் திரும்பப் போவதாகக் காட்ட, இந்த ஓட்டுநரின் கை அந்தப் பக்கம் எட்டாது அல்லவா.

கார் நிறுத்துமிடத்து வாயிலில் சீட்டு இயந்திரம் வலப்பக்கம் நிற்கும். தனியாக வந்தவர் பெல்ட்டைக் கழற்றி, பக்கத்து சீட்டின் மேல் குப்புறச் சாய்ந்து, ஜன்னல் வழியே பாதி உடம்பை நீட்ட வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக இருப்பதால் அப்போதும் எட்டாது. கீழே இறங்கி முன்பக்கமாகச் சுற்றிவந்து சீட்டை எடுத்தால், தடுப்புக் கம்பி உடனே உயரும். அது மறுபடி இறங்குவதற்குள் ஓடிப்போய் ஏறவேண்டும். பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடித்து நேரத்தைக் கணக்கிட்டுத் தருவார்கள். விவரமானவர்கள் பூங்காக்களில் குப்பை பொறுக்கும் நீண்ட இடுக்கி ஒன்றைக் கதவோரம் சொருகி வைத்திருக்கிறார்கள்.

நன்மைகளும் உண்டு. வேலி ஒட்டிய குறுகிய கிராமத்துச் சந்துகளில் இடச்சக்கரம் எங்கே போகிறது என்பது கண்ணுக்கு நேரே தெரியும். இறங்கினால் நேராக நடைபாதை. வலப்பக்க சீட்டில் பத்து வயதுப் பிள்ளை உட்கார்ந்து காமிக்ஸ் படித்துக்கொண்டே வருவதைக் கண்டு, சாலையைக் கடக்க வந்தவர்கள் திரும்ப நடைபாதை ஏறி வழிவிடுவார்கள்.

விற்கும் காலம் வரும்போது உள்ளூரில் கூப்பிடுவோர் சிலர்தான், அவர்களும் முதல் கேள்வியாக எவ்வளவு குறைப்பீர்கள் என்பார்கள். ஐரோப்பாவிலோ இந்தக் காருக்குச் சந்தை பெரிது. பவுண்டு மதிப்பு சரிந்த காலங்களில் அங்கிருந்து ஆட்கள் நேரிலேயே வந்து ஓட்டிப் போனார்கள். இப்போது அவர்களுக்கும் 10 சதவீதத் தீர்வை, ஜெர்மானியராக இருந்தால் மேலே 19 சதவீத வரி, அதனால் அவர்களும் பேரம் பேசுகிறார்கள். விலை படிந்த பிறகு வருபவர் கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு: கழற்றிய பழைய ஹெட்லைட்டுகளும் கிலோமீட்டர் ஸ்பீடோமீட்டரும் இருக்கின்றனவா? பரண்மேல் இருந்தால் விலை கொஞ்சம் ஏறும். தூக்கிப் போட்டிருந்தால் அதற்கும் சேர்த்துக் கழித்துக்கொள்வார்.