பண்ணைக்காட்டில் முதல் பீர்: வீட்டில் காய்ச்ச நினைப்பவருக்குச் சில யோசனைகள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ரோட்டில் ஏறி, ஊத்தில் பிரிந்து, பண்ணைக்காட்டுக்கு வந்து குடியேறுகிறவருக்கு ஆறாவது மாதத்தில் ஓர் ஆசை முளைக்கும். பெங்களூர் வேலையை லேப்டாப்பில் சுருட்டிக்கொண்டு வந்தவருக்கு மூன்றாவது மாதத்திலேயே முளைத்துவிடும். தோட்டத்து வீடு, குளிர், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி, செய்ய ஒன்றும் இல்லாத சாயங்காலம். நாமே பீர் காய்ச்சினால் என்ன? அதுவும் டப்பாவில் வரும் மால்ட் பாகைக் கரைத்துச் செய்யும் சோம்பேறி பீர் இல்லை. தானியத்தை உடைத்து, வெந்நீரில் நனைத்து, வடித்து, கொதிக்கவைத்து, ஆதியிலிருந்து செய்யும் பீர். அந்த ஆசைக்காரருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலையாக அடுப்படிக்குப் போகாதீர்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தைப் படியுங்கள். ராஜாஜி கொண்டுவந்தது, அந்த வருஷம் அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கியது. 1971-ல் மதுவிலக்கைத் தள்ளிவைத்தார்கள், 1974-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-லிருந்து கடையையும் அதுவே நடத்துகிறது. இத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் சட்டம் மட்டும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். தயாரிப்பதற்கென்று பாத்திரம் பண்டம் வைத்திருப்பதும் குற்றம். 2024-ல் தண்டனைகளை இன்னும் கூட்டியிருக்கிறார்கள்.

“விற்கிறதுக்கு இல்லை சார், எனக்கு மட்டும்தான்” என்பது வாதம் ஆகாது. பிரிட்டனில் 1963-லிருந்து வீட்டு பீருக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு அனுமதித்தார். இந்த விவரங்களை ஸ்டேஷனில் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். கேட்டுக்கொள்வார்கள். எழுதியும் கொள்வார்கள்.

சரி, படித்தாயிற்று. ஆசை போகவில்லை. தானியத்துக்கு வருவோம்.

மளிகைக் கடையில் “பார்லி இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டால், யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்தபடியே ஒரு பொட்டலம் கட்டித் தருவார். அது உங்களுக்கு உதவாது. கஞ்சிக்கான அந்த பார்லி தோல் சீவித் தீட்டியது, முளைக்காது. முளைக்காத தானியத்தில் பீர் இல்லை. முளைக்கும்போதுதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் விதைக்குள் பெருகுகின்றன. முளை கொஞ்சம் வந்ததும் காயவைத்து அதை அப்படியே நிறுத்திவைப்பதுதான் மால்ட்.

இது பெரிய சீமை வித்தை ஒன்றும் இல்லை. உங்கள் பாட்டி செய்திருப்பார். கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்துத் திரித்து, பேரக்குழந்தைக்குக் கூழ் காய்ச்சினாரே, அது சாட்சாத் மால்ட். சிக்கிமில் இதே கேழ்வரகைப் புளிக்கவைத்து, மூங்கில் குவளையில் போட்டு, வெந்நீர் ஊற்றி உறிஞ்சுகிறார்கள். பாட்டி அந்தக் கடைசிக் கட்டத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

பழைய தமிழர்கள் போனார்கள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு முழுச் செய்முறையே கொடுத்திருக்கிறார். அரிசியைக் களியாகத் துழாவ வேண்டும், வாய் அகன்ற தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும், முளைநெல்லை இடித்துச் சேர்க்க வேண்டும், சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விட வேண்டும், விளைந்ததும் விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். தெர்மாமீட்டர் இல்லை, துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இல்லை, ஆன்லைனில் வாங்கிய ஹைட்ரோமீட்டர் இல்லை. வடிகட்டியும் விரல்தான். முழுத் தானியத்தில் காய்ச்சுவது பற்றி இதைவிடச் சுருக்கமான கையேடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நம் மலைக்குச் சொந்தமான சரக்கு வேறு: நீண்ட மூங்கில் குழாயில் அடைத்து விளையவைத்த தேன் தேறலைக் குன்றத்துக் கானவர்கள் குடித்ததைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. பழனி முருகனைப் பாடும் பாட்டுதான் அதுவும். ஆனால் சங்க இலக்கியத்தை ஜாமீன் மனுவில் சேர்க்க முடியாது.

இப்போது உங்களிடம் எப்படியோ 5 கிலோ பார்லி மால்ட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டருக்கு அது போதும். பொடியாக்காமல், உடைத்த ரவையாகத் திரியுங்கள். உமி முழுசாக இருந்தால்தான் பிறகு வடியும். உடைத்ததை வெந்நீரில் கொட்டி, 65 முதல் 67 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். 62 பக்கம் இறங்கினால் பீர் லேசாக வரும். 70-ஐ நெருங்கினால் கனமாக, இனிப்பு மிஞ்சி வரும். அதையும் தாண்டினால் நொதிகள் வெந்துபோய்க் கஞ்சிதான் மிஞ்சும். ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டுப் பாருங்கள். நீலக் கறுப்பாக மாறினால் மாவுச்சத்து பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

வடித்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் ஏறத்தாழ ஒரு டிகிரி முன்னாலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாத கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விறகைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

கசப்புக்கு ஹாப்ஸ் வேண்டும். இந்தியாவில் அது விளைகிற லாஹௌல் இமயத்துக்குள் இருக்கிறது. நீலகிரியில் பட்டாளம் இருந்தது, அதனால் வெள்ளைக்காரன் காலத்தில் பீர் ஆலையும் இருந்தது. நம் பக்கம் 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். அவர்களிடம் போய் இதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. கவலை வேண்டாம். பெல்ஜியத்தில் ஒரு வகை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். பண்ணைக்காட்டில் ஆரஞ்சுக்கும் ஏலக்காய்க்கும் மிளகுக்கும் நீங்கள் வீதியைத் தாண்ட வேண்டியதில்லை.

கொதித்த சாறு 20 டிகிரிக்கு ஆற வேண்டும். கீழே மதுரையில் இதற்கு ஐஸ் கட்டி, செம்புச் சுருள் என்று பாடுபடுவார்கள். இங்கே மூடி போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கலாம். மலை ஆற்றிக் கொடுத்துவிடும், கட்டணம் இல்லை.

காலையில் எழுந்து ஈஸ்ட் பொட்டலத்தை எடுத்துக் கத்தரிக்கோலால் நறுக்கப் போவீர்கள். அங்கேயே நில்லுங்கள். கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.

இதுவரை பானையில் இருப்பது மிளகு போட்ட தித்திப்புக் கஞ்சித்தண்ணி. குழந்தைக்குக் கொடுக்கலாம், சம்பந்திக்குக் கொடுக்கலாம். ஈஸ்ட் விழுந்த நிமிஷத்திலிருந்து அது ஊறல். மறுநாள் பேப்பரில் “20 லிட்டர் ஊறல் அழிப்பு, ஒருவர் கைது” என்று வரும். படத்தில் பானைக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் நாலு பேர். ரகசியமாகச் செய்யலாம் என்றும் நினைக்காதீர்கள். மால்ட் கொதிக்கிற வாசனை மூன்று வளைவு தாண்டிப் போகும். கீழ்த் தோட்டத்துக்காரர் மோப்பம் பிடித்து, “என்ன தம்பி, வீட்டுல விசேஷமா?” என்று கேட்டுக்கொண்டே வருவார்.

ஆகவே தித்திப்புத் தண்ணியைக் குடித்துவிடுங்கள், சக்கையை மாட்டுக்கு வையுங்கள். உலகத்தில் பெரும்பாலான பீர் ஆலைகள் சக்கையை மாட்டுக்குத்தான் கொடுக்கின்றன. வாங்கி வைத்த காலி பீர் பாட்டில்களை டாஸ்மாக்கில் கொடுத்தால் தலைக்கு 10 ரூபாய். நீலகிரியில் 2022-ல் தொடங்கிய திட்டம், உங்களுக்காகவே வந்ததுபோல் இருக்கிறது.

புளிக்கவைக்கும் ஆசை இன்னும் அடங்காதவர்கள் அந்தக் கீழ்த் தோட்டத்துக்காரரையே பிடித்துக்கொள்ளுங்கள். அவர் பரம்பரையாகப் புளிக்கவைக்கிறவர். காப்பியைச் சொல்கிறேன். நீங்கள் இங்கே வந்த நாளாக வேலிக்கு அந்தப் பக்கம் அதுதான் நடக்கிறது.

நன்றாகச் சிவந்த பழமாக 20 கிலோ வாங்குங்கள். தண்ணீரில் கொட்டி மிதப்பதைத் தள்ளுங்கள். பறித்த அன்றே பல்பரில் விட்டுத் தோலை நீக்கி, வழவழவென்று வரும் கொட்டையைத் தொட்டியில் போட்டு மூடிவையுங்கள். இந்தக் குளிருக்கு அராபிகா 24 மணி நேரத்திலிருந்து 36 வரை எடுக்கும். காற்றில் வந்த ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வழவழப்பைத் தின்று தீர்க்கும். மெல்லிய சாராய வாடைகூட அடிக்கும். யாரும் கைது செய்ய வரமாட்டார்கள். இங்கேயும் கருவி விரல்தான். ஒரு பிடி அள்ளித் தேய்த்தால் வழுக்காமல் கூழாங்கல்லாகச் சரசரக்க வேண்டும். அதற்குமேல் அரை நாள் விட்டால் நாறும், எந்தச் சிக்கரியும் மறைக்காது.

மூன்று நாலு தண்ணீர் விட்டு அலசுங்கள். அலசிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள், குழி வெட்டி விடுங்கள். மீன் செத்தால் அதற்கும் சட்டம் இருக்கிறது. பரப்பி, கிளறி, ராத்திரியில் மூடி, ஒரு வாரம் பத்து நாள் காயவிட வேண்டும். ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தக் கொட்டை தேறினால் சந்தோஷப்படுங்கள். சந்தேகம் என்றால் தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரசாங்கக் கட்டடத்துக்குள் நுழைந்து “சார், புளிக்கவைப்பது எப்படி?” என்று சத்தமாகக் கேட்க இந்த வட்டாரத்தில் அந்த ஒரு இடம்தான் உண்டு.

பழம் பிப்ரவரிக்கு மேல் இருக்காது, தள்ளிப்போடாதீர்கள். பல்பரை இரவல் வாங்கினால் அன்று ராத்திரியே கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விடிந்தால் அவருக்கும் பழம் வரும்.