சும்மா நிற்காத வண்டி

எங்கள் மாருதி 800 ஓடும்; நிற்காது. பிரேக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகும். ஆக்சிலேட்டரில் கால் இருக்கும்வரை திருச்சி வரைக்கும்கூடப் போகும். காலை எடுத்தால் போச்சு. ஒரு உதறு உதறி அணைந்துவிடும். மெக்கானிக் பாஷையில் 'ஸ்லோ நிக்கல'.

1995 மாடல். திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கிய வருஷமும் அதுதான். வண்டி மட்டும் இன்னும் டிஎன் 45, திருச்சி நம்பர்.

இந்த வியாதியை அரியலூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 2001-இல் அவர்கள் மாவட்டம் ஸ்டார்ட் ஆனது. 2002-இல் அணைந்து பெரம்பலூரோடு சேர்ந்துகொண்டது. 2007 நவம்பரில் மறுபடி சாவி போட்டார்கள், இன்றுவரை ஓடுகிறது. அதற்கு ஒரு அரசாணை போதுமாக இருந்தது. என் வண்டிக்கு யார் போடுவது?

எங்கள் ஊரான பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னை ரயிலைப் பிடிக்க அரியலூருக்குத்தான் போகவேண்டும். மாமனாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வேகத்தடை வந்தால் இடது கால் கிளட்சில், வலது கால் விரல்கள் பிரேக்கில், அதே காலின் குதிகால் ஆக்சிலேட்டரில். மடியில் பையை இறுக்கிக்கொண்டிருந்த மாமனார் கடைசியில் வாய் திறந்தார். "மாப்ள, ஸ்டேஷன் வந்தா நிறுத்தாதீங்க. மெதுவா ஓட்டுங்க, நானே குதிச்சுக்கிறேன்."

அரியலூரில் வண்டி ரிப்பேர் என்றால் டீக்கடையே எழுந்து வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்கள். "ஏர் பிடிச்சிருக்குண்ணே, ஏரை எடுத்து விடுங்க" என்றார் ஒருவர். "நாசில் பாத்தீங்களா?" என்றார் இன்னொருவர். நாசில் டீசல் வண்டிக்கு, இது பெட்ரோல் என்றேன். அது என் பொருளாதாரப் பிரச்சினை என்பதுபோல் பார்த்தார். மூன்றாமவர் கேட்காமலே ஏர் பில்டரைக் கழற்றி டயரில் தட்டினார். கொட்டியதெல்லாம் சுண்ணாம்புத் தூள். டைனோசர் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடலடியில் படிந்ததைத்தான் இன்று வெட்டி சிமெண்ட் ஆக்குகிறார்கள். அங்கே கிடைத்த புதைபடிவங்களுக்கு வாரணவாசியில் மியூசியமே இருக்கிறது. அங்கே போகவேண்டிய சரக்கு என் பில்டரில் இருந்திருக்கிறது. பில்டர் சுத்தமானது. வண்டி நிற்கவில்லை.

பெரம்பலூர் திரும்பினால் இங்கே வேறு வைத்தியம். மக்காச்சோளம் போடுகிற பக்கத்து வீட்டுப் பெரியவர், எல்லாம் எத்தனால் செய்கிற வேலை என்றார். இப்போது பங்கில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தானே, பழைய வண்டியின் ரப்பரை அது அரிக்கும் என்பதும் உண்மைதானே என்று நானும் தலையாட்டினேன். எத்தனாலுக்கு மக்காச்சோளமும் வாங்குகிறார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. சின்ன மாமியார், சிறுவாச்சூர் மதுரகாளியம்மனிடம் எலுமிச்சம்பழம் வைத்து வாங்கிவரச் சொன்னார். அம்மன் சந்நிதி திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், அன்று செவ்வாய். ஆகவே மெக்கானிக்கிடம் போக வேண்டியதாயிற்று.

முதலில் போன கடையில் ஒரு பையன் கையில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் வெகுநேரம் துழாவினான். "சார், இதை எங்க சொருகறது?" கார்புரேட்டர் வண்டியில் சொருக இடமில்லை என்றதும், வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை என்கிற குரலில் துறையூர் ரோட்டுக்கு வழி சொன்னான்.

அங்கே இருந்தவர் பழைய ஆள். நான் கதையை ஆரம்பித்ததுமே கேட்டார்: "சோக்கை இழுத்தா நிக்குதா?"

"நிக்குது."

"உள்ள தள்ளினா?"

"அணைஞ்சிடுது."

பானெட்டைத் திறந்தார். "சாவியை ஆன்ல மட்டும் வைங்க. செல்ப் அடிக்காதீங்க." காதை கார்புரேட்டர் பக்கம் சாய்த்தார். "டிக்னு சத்தம் வரணும். வரல பாருங்க."

விஷயம் இதுதான். ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் மெயின் ஜெட் வழியாக வரும். காலை எடுத்தால் அந்த வழி ஓய்ந்துவிடும்; ஸ்லோ ஜெட் என்கிற ஊசித்துளை வழியாகக் கசிவதுதான் 796 சிசி, 3 சிலிண்டருக்கும் சாப்பாடு. அந்தத் துளைக்குக் காவலாக ஒரு சோலனாய்டு வால்வு. சாவி போட்டால் கரண்ட் வந்து 'டிக்' என்று திறக்கும்; எடுத்தால் மூடும். சாவியை எடுத்த பிறகும் சூடான இன்ஜின் உருமிக்கொண்டிருக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. சோக் இழுத்திருக்கும்வரை திராட்டில் கொஞ்சம் திறந்தே இருப்பதால் கோளாறு தெரியாது.

வால்வுக்கு வருகிற ஒற்றை ஒயரைப் பிடுங்கினார். முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. பாதி பிளேடை எடுத்துச் செம்பு தெரியும்வரை சுரண்டி, குறடால் ஒரு அழுத்து அழுத்தி மாட்டினார்.

டிக்.

செல்ப் அடித்தேன். காலை எடுத்தேன். வண்டி தானாக நின்று, சீராக முனகியது. ஐம்பது ரூபாய் கேட்டார். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, அதுவரை ஓரமாக பீடி குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து பானெட்டுக்குள் எட்டிப்பார்த்தார்.

"ஐடிலிங் கொஞ்சம் கூட இருக்கே, மைலேஜ் அடிவாங்கும்ல?"

மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் கிடந்த ஸ்குரூடிரைவரை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.