பத்து மனை உனக்கு, ஆறு மனை புறம்போக்கு

1982-ல் வந்த கமோடோர் 64 கம்ப்யூட்டரின் பெயரிலேயே மெமரி கணக்கு இருந்தது. 64 என்றால் 64 கிலோபைட். அதை வீட்டு டிவியில் மாட்டி சுவிட்சைப் போட்டால் நீலத்திரையில் வரும் வாசகம்: '64கே ராம் சிஸ்டம், 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ'. பெட்டியில் 64 என்று போட்டிருக்கிறோம், பேசிக்கில் எழுதுகிற உனக்கு 38 கூட முழுசாக இல்லை, ஒரு பைட் குறைவு. மீதி முகவரிகளைப் பேசிக் மொழியும் திரையும் இயந்திரத்தின் சொந்த அலுவல்களும் எடுத்துக்கொண்டிருந்தன. வாங்கியவரை வரவேற்கும்போதே கையில் கணக்கைக் கொடுத்த இயந்திரம் அது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் அவ்வளவு யோக்கியமாக யாரும் நடந்துகொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் நாம் இன்றுவரை அனுபவிக்கிற வில்லங்கம் அதற்கு முந்தைய வருடமே ஃப்ளோரிடாவின் போகா ரேட்டனில் பதிவாகிவிட்டது. ஐபிஎம் என்கிற மகாராஜா கம்பெனி, ஆப்பிள் போன்ற பொடியன்கள் சந்தையை மேய்வதைப் பார்த்து, டான் எஸ்ட்ரிட்ஜ் என்பவரிடம் ஒரு சின்னக் கூட்டத்தைக் கொடுத்து, ஒரே வருடத்தில் பெர்சனல் கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்துவா என்றது. வழக்கமான ஐபிஎம் நடைமுறைப்படி போனால் ஒரு வருடம் கூட்டம் போடவே பத்தாது. ஆகவே அவர்கள் கடையில் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் கோர்த்தார்கள். மூளைக்கு இன்டெல் 8088. அதற்கு முகவரிக் கம்பிகள் 20. இருபது கம்பியில் 10,48,576 முகவரிகளைச் சொல்லலாம். ஒரு மெகாபைட். அவ்வளவுதான் ஊர் எல்லை.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ப்ராசஸருக்கு 'ராம்' என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது கம்பியில் ஒரு எண்ணை ஏற்றும், அந்த எண்ணுக்கு யார் பதில் சொல்கிறார்களோ அவர்களோடு பேசும். பதில் சொல்வது ராம் ஆக இருக்கலாம், திரையாக இருக்கலாம், இயந்திரத்தைத் துயிலெழுப்பும் பயாஸ் என்கிற புரோகிராம் எழுதிய சில்லு (அழியாத ஜாதி, அதற்கு ரோம் என்று பெயர்) ஆகவும் இருக்கலாம். ஒரு மனைக்கு ஒரு பட்டாதான். திரைக்கு எழுதிக்கொடுத்த எண்ணில் நீங்கள் தங்கத்திலேயே ராம் செய்து செருகினாலும் அதை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

போகா ரேட்டன்காரர்கள் ஒரு மெகாபைட் நிலத்தை 64 கேபி வீதம் 16 மனையாகப் பிரித்தார்கள். கீழே உள்ள பத்து மனை, அதாவது 640 கேபி, குடிமக்களுக்கு. மேலே உள்ள ஆறு மனை, 384 கேபி, திரைக்கும் கார்டுகளுக்கும் பயாஸுக்கும் என்று ஒதுக்கிய புறம்போக்கு. ஏன் மேலே? 8088 கண் விழித்ததும் ஊர்க்கோடியிலிருந்து 16 பைட் முன்னால் இருக்கும் முகவரிக்குத்தான் முதலில் ஓடும், அதன் பிறவிக்குணம் அது. எனவே பயாஸ் அங்கே இருந்தாக வேண்டும். கீழ்க்கோடியில் அடிக்கடி மாற்றி எழுதவேண்டிய அட்டவணை ஒன்று இருந்ததால் அங்கே ராம் இருந்தாக வேண்டும். இரண்டு முனையும் முடிவான பிறகு நடுவில் எங்கேயாவது கோடு போட வேண்டியதுதான் பாக்கி, போட்டார்கள்.

1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகமான அடிப்படை மாடலின் விலை 1,565 டாலர். அதில் இருந்த ராம் 16 கேபி. பதினாறு கேபிக்காரனிடம் போய் உனக்கு 640-க்கு மேல் கிடையாது என்றால் அவன் சிரித்துவிட்டுப் போவான். நாற்பது மடங்கு. பேரன் காலத்துப் பிரச்சினை. பேரன் நான்கே வருடத்தில் பிறந்துவிட்டான் என்பது வேறு விஷயம்.

'640கே யாருக்கும் போதும்' என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு பொன்மொழி உலவுகிறது. எங்கே சொன்னார், எப்போது சொன்னார் என்று யாராலும் காட்ட முடியவில்லை, அவரும் இல்லவே இல்லை என்று பலமுறை மறுத்துவிட்டார். கோடு போட்டதும் அவரில்லை, ஐபிஎம். மனிதருடைய மற்ற கணக்குகள் எவ்வளவோ இருக்க, செய்யாத பாவத்தில்தான் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

புறம்போக்கு என்று ஒன்றைக் காலியாக விட்டுவைத்தால் என்ன ஆகும்? கருப்பு வெள்ளைத் திரை வைத்திருந்தவர்களின் இயந்திரத்தில் பதினோராவது மனை சும்மா கிடந்தது, சிலர் அதில் ராம் போட்டு 704 கேபி வரை இழுத்தார்கள். 1985-ல் பெரிய கைகள் வந்தன. லோட்டஸ் கம்பெனியின் 1-2-3 கணக்குத் தாள்கள் 640-க்குள் அடங்காமல் பிதுங்கியதால் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூவரும் கூடி, புறம்போக்கில் 64 கேபிக்கு ஒரு ஜன்னல் வைத்தார்கள். ஊருக்கு வெளியே கார்டில் எவ்வளவு மெமரி இருந்தாலும் 16 கேபி துண்டுகளாக அந்த ஜன்னலுக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போகும். இதற்கு எக்ஸ்பாண்டட் மெமரி என்று பெயர். எக்ஸ்டெண்டட் மெமரி என்பது வேறு, அது ஒரு மெகாபைட் எல்லைக்கு அப்பால் இருப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் தவறான கார்டை வாங்கியவர்களின் சாபம் இன்னும் காற்றில் இருக்கும்.

இதற்கு நடுவில் 1984-ல் ஐபிஎம் ஏடி வந்தது. அதன் 286 சில்லுக்கு 24 கம்பி, 16 மெகாபைட் நிலம். பிரச்சினை தீர்ந்ததா என்றால், முளைத்தது. பழைய 8088-ல் ஒரு புரோகிராம் ஊர்க்கோடியைத் தாண்டி நடந்தால் சுற்றிக்கொண்டு மறுபடி பூஜ்ஜியத்துக்கே வந்து நிற்கும். அந்தக் கோணலை நம்பியே பிழைத்த சில புரோகிராம்கள் இருந்தன. புதிய சில்லில் கோடியைத் தாண்டினால் நிஜமாகவே அடுத்த ஊர் இருந்தது. பழைய வாடிக்கையாளர் மனம் நோகக்கூடாதே என்று ஐபிஎம், ஏ20 என்கிற கம்பியைத் துண்டிக்க ஒரு கதவு வைத்தது. கதவின் தாழ்ப்பாளை எங்கே வைப்பது? கீபோர்டைக் கவனிக்கும் சில்லில் ஒரு கால் சும்மா இருந்தது. அதில் மாட்டினார்கள். இனி அடுத்த ஊர் மெமரிக்குப் போகவேண்டுமென்றால் கீபோர்டு சில்லிடம் அனுமதி வாங்கிப் போக வேண்டும். படித்த இன்ஜினியர்கள், சுயநினைவோடு செய்தது.

இந்தக் கதவைத் திறந்து வைத்தால் அன்றைய ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸுக்கு ஒரு மெகாபைட்டுக்கு அப்பால் 65,520 பைட் கைக்கு எட்டியது. 1991-ல் வந்த டாஸ் 5 தன் மூட்டை முடிச்சில் பெரும்பகுதியை அங்கே குடிபெயர்த்துக்கொண்டது, மவுஸ் டிரைவர் முதலானவற்றைப் புறம்போக்கின் சந்துகளில் குடியேற்றவும் அதிகாரபூர்வமாக அனுமதித்தது. ஆக்கிரமிப்புக்கு அரசே பட்டா கொடுத்தது. அந்தக் காலத்து கேம் பைத்தியங்கள் இரவெல்லாம் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் வரிகளை மேலும் கீழும் மாற்றி ஐந்து கேபிக்கும் ஆறு கேபிக்கும் அடித்துக்கொண்டார்கள். மெஷினில் நான்கு மெகாபைட் இருக்கும், கேமோ 640-க்குள் இடம் போதவில்லை என்று வாசலிலேயே திரும்பிப் போகும்.

நிலத்துக்கு இத்தனை பஞ்சம் இருந்தால் இல்லாத நிலத்தை விற்க ஆள் வராமலா போவான்? 1995-ல் சாஃப்ட்ராம் 95 என்று ஒரு புரோகிராம் வந்தது. நிறுவினால் மெமரி இரட்டிப்பாகும் என்றது. லட்சக்கணக்கில் விற்றது. மார்க் ருசினோவிச் போன்ற விண்டோஸ் நிபுணர்கள் உள்ளே பிரித்துப் பார்த்தபோது விண்டோஸ் 95-ல் அது மெமரியைச் சுருக்கவே இல்லை என்று தெரிந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் தலையிட்டது, கடை மூடியது.

அடுத்த காண்டத்துக்கு முன்கதைச் சுருக்கம் தேவையில்லை, அதே கதைதான். 1985-ன் 386 சில்லுக்கு 32 கம்பி, 4 ஜிபி நிலம், 429 கோடி முகவரிக்கும் மேல். இதற்கு மேல் யாருக்கு வேண்டும்? அந்தச் சில்லும் கண் விழித்ததும் ஊர்க்கோடிக்கு 16 பைட் முன்னால்தான் ஓடியது. பயாஸ் மேலே. பிசிஐ கார்டுகள் மேலே. கிராஃபிக்ஸ் கார்டு மேலே, அதுவும் கால் ஜிபி, அரை ஜிபி என்று பண்ணையாராக. 2005 வாக்கில் ஜனங்கள் நிஜமாகவே 4 ஜிபி வாங்கி மாட்டியபோது விண்டோஸ் 3.25 ஜிபி என்றது, சிலருக்கு 3 என்றது. கடைக்காரனைத் திட்டினார்கள், ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். ராம் முழுசாகத்தான் இருந்தது, கூப்பிடத்தான் எண் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இன்டெல் 1995-லேயே பென்டியம் ப்ரோவில் 36 கம்பி கொடுத்து 64 ஜிபிக்கு வழி செய்திருந்தது. நல்ல மதர்போர்டுகள் மறைந்துபோன ராமை 4 ஜிபிக்கு மேலே மாற்றி வைக்கவும் செய்தன. சர்வர் விண்டோஸின் உயர்ந்த பதிப்புகள் அங்கே போய் எடுத்துக்கொண்டன. வீட்டு விண்டோஸ் மட்டும் போக மறுத்தது. காரணம், சில டிரைவர்கள் நீள முகவரியின் தலையை வெட்டிவிட்டு மிச்சத்தில் எழுதி, யார் வீட்டையோ இடித்துக்கொண்டிருந்தன. எனவே 2004-ல் எக்ஸ்பி எஸ்பி2-வில் மைக்ரோசாஃப்ட் நான்காவது ஜிபியோடு வேலியடைத்தது. டிரைவர் எழுதுகிறவனைத் திருத்துவதைவிட மெமரி வாங்கியவனைத் திருத்துவது சுலபம் போல.

ஆனாலும் புகார்கள் நிற்கவில்லை. 2008-ல் விஸ்டா எஸ்பி1 வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதற்கொரு தீர்வு கண்டது: பயன்படுத்த முடிகிற மெமரியைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, மாட்டியிருக்கிற மெமரியைக் காட்டியது. ஒரு பைட்கூட அதிகமாகவில்லை. 4 ஜிபி என்று போர்டு மாறியது. ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். விண்டோஸ் 7-ல் மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, அடைப்புக்குறிக்குள் உண்மையையும் போட்டுவிட்டார்கள்.

இன்று 64 பிட். நிலத்துக்குப் பஞ்சமே இல்லை, இருந்தும் 8 ஜிபி லேப்டாப் 7.8 என்கிறது, சிலது 5.9 என்கிறது. இது பட்டாச் சண்டை இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இயந்திரத்தில் திரைக்காகப் பயாஸ் நிஜமாகவே ராமிலிருந்து அள்ளிக்கொள்கிறது. எம்எஸ்கான்ஃபிக்கில் 'மேக்ஸிமம் மெமரி' கட்டத்தை டிக் செய்தால் திரும்பிவிடும் என்று ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. அது மெமரியைக் குறைத்துச் சோதிக்க வைத்த கட்டம்.

திரைக்குப் படியளப்பது புதிதுமல்ல. 1984-ன் முதல் மெக்கின்டாஷில் 128 கேபி, திரை மட்டும் 21,888 பைட்டை எடுத்துக்கொண்டது. ஆறில் ஒரு பங்கு, பழைய ராஜாக்கள் விளைச்சலில் கேட்ட அதே விகிதம். 1999-ல் இன்டெல் 810 சிப்செட் இதைச் செய்தபோது ஏழைகளின் கம்ப்யூட்டர் என்று உதட்டைப் பிதுக்கினார்கள். 2020-ல் ஆப்பிள் எம்1 சில்லோடு அதைத் திரும்பக் கொண்டுவந்து, யூனிஃபைட் மெமரி என்று பெயர் சூட்டியது. வேகம் நிஜம்தான், மறுக்கவில்லை. கூடுதல் 8 ஜிபிக்கு 200 டாலர் என்றார்கள், பிறகு நீங்களே வாங்கி மாட்டிக்கொள்ளவும் வழி இல்லை.