மாற்றமும் காத்திருப்பும்: பழைய போன் குறித்த ஒரு தருக்க ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஒருவரிடம் நான்கு வயதான ஸ்மார்ட்போன் ஒன்று இருக்கிறது. காலையில் 100 காட்டும் சார்ஜ் மதியச் சாப்பாட்டுக்குள் 20-க்கு இறங்கிவிடுகிறது. மளிகைக் கடையில் இவர் ஜிபே திறந்து முடிப்பதற்குள் பின்னால் நின்றவர் பருப்பு வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார். இவர் புதிய போன் வாங்க வேண்டுமா? அல்லது அடுத்த அப்டேட் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொறுத்திருக்க வேண்டுமா?

இந்த வினா பேருந்திலும் கல்யாணப் பந்தியிலும் அலுவலக லிஃப்டிலும் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. பந்தியில் பாயசம் வந்ததும், லிஃப்டில் மாடி வந்ததும் விவாதம் நின்றுவிடுவதால் இதுவரை முடிவு எட்டப்படவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

2. ஆய்வு முறையும் எல்லையும்

அருணந்தி சிவாசாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்தார். பிறர் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுப்பது பரபக்கம். தம் கொள்கையை நிறுவுவது சுபக்கம். பதி, பசு, பாசம் என்னும் பெரும்பொருளுக்கு அவர் கையாண்ட முறையை ராம், ஸ்டோரேஜ், பேட்டரி என்னும் சிறுபொருளுக்கு இவ்வாய்வு கடன் வாங்குகிறது. வட்டி கிடையாது என்ற துணிவுதான்.

அளவைகள் மூன்று. கண்ணால் கண்டது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். நம் பொருளில், பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டு பேட்டரி உப்பிவிட்டதை அறிவது. நம்பத்தகுந்தவர் சொல்வது உரை. இத்துறையில் நம்பத்தகுந்தவர் இருவர்: கம்பெனியின் அறிக்கை, அக்கா மகன். இவ்விருவரும் முரண்படும் இடங்களில் அக்கா மகன் சொல்லே வெல்வதைக் குடும்பங்களில் காணலாம்.

பட்டன் போன்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரா. அவற்றுக்கு அப்டேட்டும் இல்லை, அவற்றை வைத்திருப்போருக்கு ஆசையும் இல்லை. அவர்கள் சீவன்முத்தர்கள், ஆராயத் தக்கவர் அல்லர், வணங்கத் தக்கவர்.

3. பரபக்கம்: மாற்றவாதி

மாற்றவாதியின் கொள்கை எளியது. "மூணு வருஷத்துக்கு மேல ஓடக் கூடாதுன்னுதான் சார் செய்யறான். மாத்திட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்."

இக்கொள்கைக்குப் பழைய ஆசிரியர்கள் உண்டு. 1924-இல் பல்பு தயாரிப்பாளர்கள் ஜெனீவாவில் ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்து, பல்பின் ஆயுளை ஏறத்தாழ 1,000 மணி நேரத்தில் நிறுத்தினார்கள். 1932-இல் பெர்னார்ட் லண்டன் என்ற அமெரிக்கர், பொருள்களுக்கு அரசே ஆயுள் குறித்து, அது முடிந்ததும் மக்கள் அவற்றை ஒப்படைத்துவிட வேண்டும், அப்போதுதான் பொருளாதார மந்தம் தீரும் என்று ஒரு சிறு நூல் எழுதினார். அரசு செவிசாய்க்கவில்லை. அவர் இன்று இருந்தால் தீபாவளி ஆஃபர் விளம்பரங்களைக் கண்டு, அரசின் துணை தேவைப்படவே இல்லையே என்று வியந்திருப்பார்.

மாற்றவாதியின் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் எக்ஸ்சேஞ்ச். இதன் தத்துவம் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர் நிறுவியதுதான். ஒரே வேறுபாடு, அவரிடம் பழத்துக்கு மேல் நாம் பணம் கட்டியதில்லை.

மறுப்பு வருமாறு. மாற்றவாதி புதிய போனில் செய்வது என்ன? வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே, வங்கியிலிருந்து வரும் ஓடிபி. பழைய போனில் செய்ததும் இவையே. இருநூறு மெகாபிக்சல் கேமராவில் அவர் எடுப்பது கேஸ் சிலிண்டர் ரசீது. தவணை முடியும் மாதத்தில் அந்தப் போனும் பழைய போன் ஆகிவிடுகிறது. ஆகவே மாற்றவாதத்தில் மாறுவது போன் மட்டுமே என்பது கருதலால் பெறப்படும்.

4. பரபக்கம்: காத்திருப்புவாதி

இவர் பொறுமைசாலி. அமைப்புகளுக்குள் சென்று, 'உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது' என்ற வாசகத்தைத் தினமும் படித்துவிட்டு வெளியே வருபவர்.

இவர் பக்கத்தில் ஒரு பலமான சான்று உண்டு. இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அன்று ஐபோன் 12-உம் அதற்குப் பிந்திய மாடல்களும் வைத்திருந்தவர்களிடம் 5ஜி சிப் இருந்தது. சில நகரங்களில் கோபுரமும் இருந்தது. 5ஜி மட்டும் வரவில்லை. டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகே அது விழித்தது. அந்த இடைவெளியில் அவசரப்பட்டு வேறு போன் வாங்கியவர் உண்டென்றால், காத்திருப்புவாதி அவரைப் பார்த்துச் சிரிக்க உரிமை உடையவர்.

ஆனால் காத்திருப்புக்கு யாருடைய வாக்கு ஆதாரம் என்பதே கேள்வி. 2011 மே மாதம் கூகுள் தன் மாநாட்டில், கம்பெனிகள் பலவற்றைச் சேர்த்துக்கொண்டு, புதிய ஆண்ட்ராய்டு போன்களுக்கு 18 மாதம் அப்டேட் உண்டு என்று அறிவித்தது. அறிவிப்பு வந்த வேகத்திலேயே மறைந்தது. காரணம், ஆண்ட்ராய்டு அப்டேட் பல கை மாறி வருவது. கூகுள் பதிப்பை வெளியிட வேண்டும், குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனிகள் அதற்கேற்ப டிரைவர்களைத் திருத்தித் தர வேண்டும், போன் கம்பெனி தன் அலங்காரங்களைப் பூச வேண்டும், சோதிக்க வேண்டும். பழைய சிப்புக்கு டிரைவர் எழுதுவதால் சிப் கம்பெனிக்கு ஒரு புதிய சிப்கூட விற்காது. இச்சிக்கலைத் தளர்த்த, சிப்புக்குரிய பகுதியையும் ஆண்ட்ராய்டின் மற்றப் பகுதியையும் பிரித்துவைக்கும் டிரெபிள் என்ற ஏற்பாட்டை 2017-இல் ஆண்ட்ராய்டு 8.0 கொண்டுவந்தது. அதன் பின்னரே நிலைமை மெல்லச் சீரானது.

கடைசிக் கட்டமும் ஒன்று உண்டு. அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நாளில் விடுவதில்லை. பிழை ஏதும் இருந்தால் ஊர் முழுக்கப் பரவாதிருக்கத் தொகுதி தொகுதியாக விடுவார்கள். இதனால் ஒரே வீட்டில், ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய இரு போன்களில் மனைவியின் போனுக்கு வந்துவிடும், கணவரின் போனுக்கு வராது. இதை ஊழ் என்று கொள்வாரும் உளர்.

காத்திருப்புவாதியை முற்றாக மறுக்கும் காரணம் வேறு. சோனி 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரிக்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அம்மூவராலும் அதற்கு மூப்பில்லாமல் செய்ய முடியவில்லை. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் 80 விழுக்காடு கொள்ளளவு தரும்படி அமைக்கப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்று. மூப்பு வேதியியலில் இருக்கிறது. மென்பொருளில் மருந்து தேடுவோர் எத்தனை அப்டேட் வந்தாலும் சார்ஜர் ஒயருக்கு அருகிலேயே வாழ்வர்.

5. பரபக்கம்: அப்டேட் மறுப்பர்

மூன்றாமவர் இருவரையும் ஏற்காதவர். "அப்டேட் மட்டும் போட்டுடாதீங்க. நல்லா ஓடற போனை ஸ்லோ ஆக்கி, புதுசு வாங்க வைக்கறதுக்குத்தான் அனுப்பறான்." வந்த அறிவிப்பையெல்லாம் தள்ளிவிடுவதே இவருடைய நித்திய கர்மம்.

இவரைப் பித்தர் என்று ஒதுக்க முடியாது. 2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 மூலம், பேட்டரி தேய்ந்த சில ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் குறைத்தது. பயன்படுத்துவோருக்கு இது சரியாக விளக்கப்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனைச் செயலியை உருவாக்கிய ஜான் பூல் அளவீடுகளை வெளியிட்டதும் விஷயம் வெடித்தது. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆக்கியது. 2020-இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதற்கு முன்பே, 2018 அக்டோபரில், பழைய போன்களை அப்டேட்டுகள் மந்தமாக்கின என்று கூறி இத்தாலி ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் தண்டம் போட்டது. நம் ஊரிலும், அப்டேட் போட்ட கையோடு திரையில் பச்சைக் கோடு விழுந்தது என்று பலர் புகார் செய்ய, சில கம்பெனிகள் காசு வாங்காமல் திரை மாற்றித் தந்தன.

சதி இல்லாத இடத்திலும் மந்தம் உண்டு. வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் மந்தமாவது வேகம் என்று நிக்லாஸ் விர்த் என்ற கணினி அறிஞர் 1995-லேயே எழுதிவிட்டார்.

எனினும் மறுப்பர் தம் சான்றாலேயே தோற்கிறார். 2017 விவகாரத்தில் வேகம் குறைக்கப்பட்டதற்கு ஆப்பிள் சொன்ன காரணம், தேய்ந்த பேட்டரியால் போன் திடீரென அணைந்துபோவதைத் தடுப்பது. புதிய பேட்டரி போட்டதும் அதே போன், அதே அப்டேட்டோடு, பழைய வேகத்துக்குத் திரும்பியது. மேலும், அப்டேட்டில் அழகுப் பகுதி வேறு, காவல் பகுதி வேறு. 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளிப்பட்டது: எம்எம்எஸ் ஒன்றை அனுப்பியே ஆண்ட்ராய்டு போனுக்குள் புகுந்துவிடலாம். அடுத்த மாதமே கூகுள் மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடங்கியது. மறுப்பர் தள்ளிவிடும் அறிவிப்புகளில் இதுவும் போய்விடுகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவர் பிடிக்கவில்லை என்று பூட்டுக்காரரையும் சேர்த்தே திருப்பியனுப்புகிறார்.

6. சுபக்கம்

மூவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: போனுக்கு ஒரே ஒரு ஆயுள் என்று கொள்கின்றனர். ஆராய்ந்தால் ஆயுள் நான்கு. பேட்டரியும் திரையும் உடல். புதிய பதிப்பு புதுமை. பாதுகாப்புத் திருத்தம் காவல். வாட்ஸ்அப், வங்கிச் செயலி முதலியவை சுற்றம். இவை வெவ்வேறு நாள்களில் முடிபவை. இதிலிருந்து நான்கு சூத்திரங்கள் பிறக்கின்றன.

சூத்திரம் 1: சார்ஜ் நில்லாமை போன் சாதல் அன்று.
உரை: உடல் கெட்டால் உடலுக்கே வைத்தியம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்றும் செலவு புதிய போன் விலையில் சிறு பகுதியே. சென்னை ரிச்சி தெருவிலும் மாற்றலாம். அங்கே 'ஒரிஜினல்' என்ற சொல் பல பொருள் ஒருசொல் என்பதை மட்டும் மனத்தில் கொள்க. பேட்டரி உப்பியிருந்தால் எந்த அப்டேட்டுக்கும் காத்திருக்காமல் உடனே கழற்றக் கொடுக்கவும்.

சூத்திரம் 2: புதுமை முடிந்த பின்னும் காவல் தொடரும்.
உரை: 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2018-இன் ஐஓஎஸ் 12-உடன் புதிய பதிப்புகள் நின்றன. ஆனால் 2023 ஜனவரியிலும் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஆகவே புதிய பதிப்பு வரவில்லை என்பது மட்டுமே போனை மாற்றக் காரணம் ஆகாது.

சூத்திரம் 3: காவல் முடிந்த போனில் காசு வைக்கற்க.
உரை: அமைப்புகளில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மேல் பின்தங்கி, இனி வராது என்று கம்பெனியும் சொல்லிவிட்டால், வங்கியையும் யுபிஐயையும் அந்தப் போனிலிருந்து வெளியேற்றுக. சுற்றமும் பின்னாலேயே விலகும்: 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழ்ப்பட்ட போன்களையும், 2025 மே மாதம் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழ்ப்பட்டவற்றையும் வாட்ஸ்அப் கைவிட்டது. காத்திருப்புவாதி இங்கே தோற்றார். மாற்றவாதி சொன்னதே சரி.

சூத்திரம் 4: வாக்குறுதி, போன் பிறந்த நாள் தொட்டு எண்ணப்படும்.
உரை: 2023-இல் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழாண்டு அப்டேட் அறிவித்தன. அந்த ஏழு, மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. நாம் கடையில் கற்பூரம் காட்டிய நாளிலிருந்து அன்று. இரண்டாண்டுக்கு முந்திய மாடலைப் பாதி விலைக்கு வாங்குபவர், இரண்டாண்டு காவலைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இக்கணக்கைத் திருப்பிப் போட்டிருக்கிறது: ஒரு மாடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டு அப்டேட் தர வேண்டும். இச்சட்டத்தை நம் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்லலாம். அவர் ஃபிளிப் கவர் ஒன்றை இலவசமாகத் தருவார்.

7. ஆய்வு முடிவு

உடல் கெட்டால் பேட்டரி மாற்றுக. காவல் உள்ளவரை போனை மாற்றற்க. காவல் முடிந்தால் காத்திருக்கற்க. வரும் அப்டேட்டை, முதல் வாரத்துப் புகார்களைக் கேட்டுவிட்டுப் போடுக. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் வந்த அன்றே போடுக.

8. மேலாய்வுக்குரிய களம்

பழைய போன் எங்கே போகிறது என்பது தனியே ஆராயத்தக்கது. பெரும்பாலான வீடுகளில் அது அம்மாவிடம் போகிறது. காவல் முடிந்த போன், கல்யாணப் பத்திரிகை என்ற பேரில் வாட்ஸ்அப்பில் வரும் மோசடி ஏபிகே கோப்பைத் தயங்காமல் தொடக்கூடிய ஒருவர் கைக்கு, அவருடைய ஓய்வூதியக் கணக்கோடு சேர்த்து ஒப்படைக்கப்படுகிறது. மகனோ புதிய போனின் ஏழாண்டுக் காவலில் கிரிக்கெட் பார்க்கிறார்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய போனை வீட்டுப் பெரியவருக்குக் கொடுக்கும் முன் அதன் பாதுகாப்புத் திருத்தத் தேதியைப் பாருங்கள். காவல் முடிந்திருந்தால் அது பாட்டுக் கேட்கும் பெட்டியாக அலமாரியில் இருக்கட்டும். புதியதை அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள்.