அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று

கே: ஸ்வீடனின் காட்லாந்து தீவிலிருக்கும் விஸ்பி சின்ன ஊர்தானே? அங்கே எதற்கு இத்தனை தேவாலய இடிபாடுகள்? அவ்வளவு பக்தியா?

ப: பக்தி பாதி, பணம் பாதி. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பால்டிக் கடல் வியாபாரத்துக்குப் பெரிய மண்டியே அந்த ஊர்தான். ஜெர்மன் வியாபாரிகள் தங்களுக்கென்று கட்டிய செயின்ட் மேரி தேவாலயம் 1225-இல் அபிஷேகமானது. கீழே ஜெபம், மேலே பரணில் சரக்கு! ஆண்டவரை விட நம்பகமான வாட்ச்மேன் உண்டா?

செயின்ட் லார்ஸ், ட்ரோட்டன் என்ற இரண்டு தேவாலய இடிபாடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அக்கா தங்கைக்குள் சண்டை. ஒரே கூரையின் கீழ் ஜெபிக்க மாட்டோமென்று ஆளுக்கொன்று கட்டிக்கொண்டார்களாம். ஊர்க்கதைதான். எனக்கென்னவோ கதையை விட லார்ஸின் சுண்ணாம்புக்கல் சுவர்தான் பிடிக்கும். எவ்வளவு கனம் என்றால், சுவருக்குள்ளேயே படிக்கட்டும் நடைவழியும் வைத்திருக்கிறார்கள். சிலுவை வடிவ அமைப்பில் பைசாண்டியச் சாயல் தெரியும்.

1525-இல் லூபெக் நகரத்துப் படை வந்து ஊரைச் சூறையாடியது. கூடவே மதச் சீர்திருத்தம்; ஊருக்கு ஒரு தேவாலயம் போதுமென்றாகிவிட்டது. இன்றுவரை வழிபாட்டில் தப்பி நிற்பது செயின்ட் மேரி. லூபெக்காரர்களும் ஜெர்மானியர்கள்தானே, சொந்தக்காரர் வீடென்று விட்டுவிட்டார்களோ என்னவோ!